முதுமையில் கால் பலம் காப்போம்

“நீங்கள் உட்காருங்கள் வாப்பா, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லாத பிள்ளைகள் நம் வீடுகளில் அரிது. தாயார் அடுப்பங்கரைக்குள் நுழைந்தால் மருமகள் அவர் கையிலிருப்பதை வாங்கிக்கொள்கிறாள். தகப்பனார் கடைக்குப் புறப்பட்டால் பேரன் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். தண்ணீர் குடிக்க எழுந்தால் பணிப்பெண் குவளையோடு வந்து நிற்கிறாள். பெற்றோரைக் கை நோகாமல், கால் நோகாமல் வைத்திருப்பது தலைமுறை தலைமுறையாக நாம் போற்றிவரும் பண்பு. அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று.

ஆயினும், அன்பினால் செய்யும் காரியம் அன்புக்குரியவருக்கே கேடாய் முடியுமானால் அதைச் சிந்தித்துப் பார்ப்பது கடமையன்றோ? முதியவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் நாமே செய்து கொடுத்தால், சில ஆண்டுகளில் அவர் எழுந்து நிற்க நம் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்துவிடுகிறார். அதை நாம் ‘வயதாகிவிட்டது’ என்று சொல்லி விட்டுவிடுகிறோம். உண்மையில் அந்தத் தளர்ச்சியில் ஒரு பங்குதான் வயதினால் வருவது. மற்றொரு பங்கு நாற்காலியினால் வருவது. வயதை நாம் தடுக்க முடியாது. நாற்காலியைத் தடுக்க முடியும். இக்கட்டுரையில் நாம் எடுத்துரைக்க விரும்புவது இதுவே.

சிங்கப்பூரில் 2030ஆம் ஆண்டுவாக்கில் குடிமக்களில் நால்வருக்கு ஒருவர் 65 வயதை எட்டியவராக இருப்பார் என்று அரசாங்கம் கணக்கிட்டிருக்கிறது. ஆதலால் இது ஏதோ ஒரு வீட்டுப் பிரச்சினையன்று. ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டின் பிரச்சினையுமாகும்.

வாழ்க்கைத் தரம் என்பது யாது?

முதுமையில் நல்வாழ்வு என்றால் பலர் வருமானத்தையும் வீட்டையும் மருந்தையும் நினைக்கிறார்கள். அவை வேண்டியவையே. ஆனால் எந்த முதியவரையேனும் தனியே அழைத்துக் கேட்டுப் பாருங்கள். “பிறருக்குப் பாரமாக இல்லாமல் என் காரியத்தை நானே செய்துகொள்ள வேண்டும்” என்பதே அவருடைய முதல் விருப்பமாக இருக்கும்.

அந்த விருப்பத்தை மருத்துவர்கள் ஓர் அளவுகோலாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும், மனிதன் தன்னைத்தானே பேணிக்கொள்வதற்கு வேண்டிய ஆறு செயல்களை வகுத்து 1963ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அதே போன்ற ஆறு செயல்களைத்தான் சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு தொடங்கிய ‘கேர்ஷீல்ட் லைஃப்’ காப்புறுதியும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிப்பறையைப் பயன்படுத்துதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து படுக்கைக்கும் மாறுதல் ஆகியவையே அவை. இவற்றுள் மூன்றைத் தாமாகச் செய்ய இயலாதவரைக் கடும் உடற்குறை உடையவராக அத்திட்டம் கருதுகிறது.

இந்த ஆறையும் சற்று ஊன்றிப் பாருங்கள். உண்ணுதல் ஒன்றைத் தவிர மற்ற ஐந்தும் கால் பலத்தையும் உடல் நிலைதடுமாறாமல் இருப்பதையும் பொறுத்திருக்கின்றன. கழிப்பறைப் பீடத்திலிருந்து எழுவதற்குத் தொடை பலம் வேண்டும். குளியலறையின் ஈரத்தரையில் நிற்பதற்குக் கணுக்கால் உறுதி வேண்டும். கைலி கட்டுவதற்கும் சேலை உடுத்துவதற்கும் கைப்பிடி இல்லாமல் சிறிது நேரம் நிற்க வேண்டும். ஆகவே, முதியவர் ஒருவரின் மானமும் சுதந்திரமும் அவருடைய தொடையிலும் கணுக்காலிலும் இருக்கின்றன என்று சொன்னால் அது மிகையாகாது.

வெளியே சென்றாலும் இதே கதைதான். நம் நாட்டில் சில சாலைக் கடப்புகளில் முதியோர் தம் அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு கூடுதலாக 3 முதல் 13 விநாடி வரை எரியும் ஏற்பாடு 2009 முதல் இருந்து வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் சாலையைக் கடக்க முடியாது என்ற அச்சத்தினால் வீட்டிலேயே தங்கிவிட்டவருக்கு அந்த விநாடிகளால் என்ன பயன்? நடை தளர்ந்தால் சந்தை போகிறது. சந்தை போனால் நண்பர் போகிறார். நண்பர் போனால் பேச்சு போகிறது. பின்னர் மனமும் சோர்ந்துவிடுகிறது. கால் தளர்ச்சி காலோடு நிற்பதில்லை.

படுக்கை செய்யும் கேடு

அசையாமல் இருப்பது உடம்பை எவ்வளவு விரைவாகக் கெடுக்கும் என்பதை 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஆராய்ந்தார்கள். இருபது வயதுடைய திடகாத்திரமான ஐந்து வாலிபர்களை மூன்று வாரங்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அவர்களுடைய இருதயமும் நுரையீரலும் உழைக்கும் ஆற்றல் வெகுவாகக் குறைந்துபோயிற்று. முப்பது ஆண்டுகள் கழித்து, அவர்களுக்கு ஐம்பது வயதானபோது, அதே ஐவரையும் மீண்டும் சோதித்தார்கள். கண்டது யாது? முப்பது ஆண்டு மூப்பு செய்த கேட்டைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த கேடு பெரிதாயிருந்தது! அதன்பின் ஆறு மாத காலம் அவர்களுக்கு நிதானமான பயிற்சி கொடுத்தபோது, மூச்சும் இருதயமும் உழைக்கும் ஆற்றல் இருபது வயதில் பயிற்சிக்கு முன்னிருந்த அளவிற்குத் திரும்பியது.

இருபது வயதுக்காரருக்கே இப்படியென்றால் முதியவர் நிலை என்ன? 2007ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், சராசரி 67 வயதுடைய நோயற்ற முதியோரைப் பத்து நாள் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். பத்தே நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ சதை கரைந்துவிட்டது. கால் பலமும் குறைந்தது.

சாதாரணக் காய்ச்சலுக்காகப் பெரியவர் ஒருவரைப் பத்து நாள் கட்டிலை விட்டு இறங்கவிடாமல் வைத்திருக்கும் வீடுகளை நாம் அறிவோம். மருத்துவமனையிலிருந்து திரும்பியவரை ‘நல்லா ரெஸ்ட் எடுங்க’ என்று சொல்லி மாதக்கணக்கில் படுக்க வைப்பவர்களும் உண்டு. காய்ச்சல் போய்விடும், ஆனால் போன சதை தானாகத் திரும்பி வராது. மருத்துவர் படுக்கச் சொல்லியிருந்தாலன்றி, நோயாளியை நாள்தோறும் எழுப்பி உட்கார வைப்பதும், நிற்க வைப்பதும், கைப்பிடித்து நான்கு அடி நடத்துவதும் மருந்து கொடுப்பதைப் போன்றே முக்கியமானவை.

இழந்ததை மீட்க முடியுமா?

‘எனக்கு எழுபத்தைந்து முடிந்துவிட்டது, இனிமேல் பயிற்சி செய்து என்ன ஆகப்போகிறது?’ என்று கேட்பவர்கள் பலர். அவர்களுக்கு விடையாக ஒரு செய்தி உண்டு.

1990ஆம் ஆண்டு, பாஸ்டன் நகரில் முதியோர் இல்லமொன்றில் வசித்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கான பளுப் பயிற்சி அளித்தார்கள். அவர்களின் சராசரி வயது 90. வலுவிழந்து, பல நோய்களோடு இருந்தவர்கள். பயிற்சியை முடித்த ஒன்பது பேருடைய கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. அதாவது, முன்பிருந்ததைப்போல் இரண்டரை மடங்குக்கும் அதிகமாயிற்று. ஊன்றுகோல் பிடித்து நடந்தவர்களில் இருவர் அதை வைத்துவிட்டு நடந்தார்கள். தொண்ணூறு வயதிலும் சதைக்குக் கற்றுக்கொள்ளும் சக்தி இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அதே ஆய்வில் மற்றொரு பாடமும் அடங்கியிருந்தது. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் பலம் 32 விழுக்காடு இறங்கிவிட்டது. பயிற்சி என்பது வங்கியில் போட்டுவைக்கும் பணமன்று. அன்றன்று ஈட்டி அன்றன்று உண்ணும் கூலி போன்றது.

இன்னும் பெரிய அளவிலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையுள்ள, பெரும்பாலும் உட்கார்ந்தே காலம் கழித்த 1,635 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு நடையும் கால் பலப் பயிற்சியும் நிலைதடுமாறாமைக்கான பயிற்சியும் அளிக்கப்பட்டன. மறு பிரிவினருக்கு ஆரோக்கியம் பற்றிய வகுப்புகள் நடத்தப்பட்டன. சராசரி இரண்டரை ஆண்டுக்கு மேல் கவனித்து 2014ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். 400 மீட்டர் தூரம் நடக்க இயலாமற் போனவர்கள், வகுப்பு கேட்டவர்களில் 35.5 விழுக்காடு, பயிற்சி செய்தவர்களில் 30.1 விழுக்காடு. அது ஏதோ அற்புதம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நூறு பேரில் ஐந்து பேர் கூடுதலாகத் தம் காலில் நடந்துகொண்டிருந்தார்கள் என்றால், அந்த ஐவருடைய வீட்டாருக்கு அது எவ்வளவு பெரிய பேறு!

‘நாங்கள் உழைத்த உடம்பு’

நம் பெரியவர்கள் பலரிடம் இந்த வாதத்தைக் கேட்டிருக்கிறோம். “அந்தக் காலத்தில் எங்களைப் போல் யார் உழைத்தார்கள்? பரோட்டாக் கல்லின் முன் விடியற்காலையிலிருந்து இரவு வரை நின்றோம். மூட்டை சுமந்தோம். பொதுக்குழாயிலிருந்து தண்ணீர் தூக்கினோம். அம்மியில் அரைத்தோம். எங்களுக்கு எதற்குப் பயிற்சி?”

அவர்கள் சொல்வது முழுக்க உண்மை. உழைப்பு அவர்களைக் காத்ததும் உண்மை. 1953ஆம் ஆண்டு, லண்டன் நகரப் பேருந்துகளில் வேலை செய்தவர்களைப் பற்றி ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் வெளியிட்ட ஆய்வு இன்றளவும் பேசப்படுகிறது. அப்பேருந்துகள் மாடி வைத்தவை. ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருந்தார். நடத்துநர் நாள் முழுதும் மாடிப்படி ஏறி இறங்கினார். ஓட்டுநர்களுக்கே மாரடைப்பு நோய் அதிகம் வந்தது. வந்தபோது உயிர் குடிப்பதும் அவர்களிடையே அதிகமாயிருந்தது. ஆகவே உழைப்பு உயிர் காக்கும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் அமர்ந்த நாள் முதல் அந்தக் காவல் கொஞ்சங்கொஞ்சமாக விலகத் தொடங்குகிறது. நாற்பது ஆண்டு நின்று உழைத்தவர் திடீரென்று தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிட்டால், அவர் உடம்புக்கு ஏற்படும் மாற்றம் பெரியது. முப்பது வயதைக் கடந்தபின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை சதை குறைகிறது என்றும், அறுபதுக்குப் பின் அது வேகமடைகிறது என்றும் மருத்துவர் கூறுவர். அன்று உழைத்ததை எண்ணிப் பெருமைப்படலாம். ஆனால் அதை நம்பி இன்று உட்காரலாகாது.

நடை மட்டும் போதுமா?

நடை மிக நல்லது. அதற்கு உடுப்பு வேண்டுவதில்லை, கட்டணம் இல்லை, நம் குடியிருப்புகளில் கூரையிட்ட நடைபாதைகளும், கால்வாய் ஓரங்களிலும் பூங்காக்களிலும் பாதைகளும் இருக்கின்றன. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் உடலை இயக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு கூறியிருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்று வைத்துக்கொண்டால் 150 நிமிடம் ஆகிவிடும். மிதமான வேகம் எது என்று கேட்டால், நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே அடையாளம். அரை மணியையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டுவதில்லை. காலை பத்து, மாலை பத்து, இரவு பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்காவிட்டால் பயனில்லை என்று எண்ணி மலைப்பவர்களும் உண்டு. அந்த எண் 1965ஆம் ஆண்டு வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்ததன்று. சராசரி 72 வயதுடைய 16,741 மாதரை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவின்படி, நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் 41 விழுக்காடு குறைவாயிருந்தது. 7,500 அடிக்குமேல் அந்த நன்மை மேலும் கூடவில்லை. ஆகவே இரண்டாயிரம் அடி நடப்பவர் மூவாயிரத்துக்கு வரட்டும். அதுவே நல்ல தொடக்கம்.

ஆயினும் நடையோடு நின்றுவிடலாகாது. நாம் பெரிதும் அஞ்சுவது கீழே விழுவதை. இடுப்பெலும்பு முறிந்து படுத்த பெரியவர்கள் பலர் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பது நாம் யாவரும் அறிந்ததே. உலகின் பல நாடுகளில் நடந்த 108 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 2019இல் வெளியிட்ட முடிவு, தேகப்பயிற்சியால் விழுதல் 23 விழுக்காடு குறைகிறது என்கிறது. ஆனால் அந்தப் பலன் நிலைதடுமாறாமைக்கான பயிற்சியினாலும், உட்கார்ந்தெழுதல் போன்ற அன்றாட அசைவுப் பயிற்சியினாலும் கிடைத்தது. நடை மட்டுமே விழுதலைத் தடுக்கும் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. இதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம், நடையோடு வாரத்தில் இரண்டு நாளேனும் சதைக்குப் பலம் தரும் பயிற்சியும், மூன்று நாளேனும் நிலைதடுமாறாமைக்கான பயிற்சியும் முதியோருக்கு வேண்டும் என்று சேர்த்துச் சொல்கிறது.

வீட்டிலேயே செய்யத்தக்க ஐந்து பயிற்சிகள்

இவற்றிற்கு ஒரு நாற்காலியும் ஒரு சுவரும் போதும். நாற்காலி கனமானதாகவும் சக்கரமில்லாததாகவும் சுவரோடு ஒட்டியதாகவும் இருக்கட்டும். முதல் சில நாட்கள் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

1. உட்கார்ந்து எழுதல். நாற்காலியின் முன்பகுதியில் உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் நன்றாக ஊன்றி, கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு மெல்ல எழுந்து நிற்க வேண்டும்; பிறகு தொப்பென்று விழாமல் மெல்ல உட்கார வேண்டும். கையை ஊன்றாமல் எழ முடியாதவர் ஊன்றியே தொடங்கலாம். ஐந்து முறை செய்து இளைப்பாறி, மீண்டும் ஐந்து முறை. நாளடைவில் பத்தாக்கலாம். ஐந்து பயிற்சிகளில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்பவர் இதையே செய்யட்டும்.

2. குதிகால் உயர்த்தல். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரு குதிகால்களையும் உயர்த்தி, மூன்று எண்ணும்வரை நின்று, மெல்ல இறக்க வேண்டும். பத்து முறை.

3. ஒற்றைக் கால் நிலை. மேடையைப் பிடித்தவாறே ஒரு காலைச் சிறிது தூக்கிப் பத்து எண்ணும்வரை நிற்க வேண்டும். பிறகு மறு கால். பழகிய பின் இரு கைப் பிடியை ஒரு கையாக்கலாம். பின்னர் ஒரு விரலாக்கலாம்.

4. சுவர்த் தள்ளல். சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, முழங்கையை மடக்கி மார்பைச் சுவரருகே கொண்டுபோய்த் திரும்பத் தள்ள வேண்டும். பத்து முறை. கைக்கும் தோளுக்கும் இது நல்லது.

5. கோட்டு நடை. சுவரோரமாக, ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல்நுனியோடு ஒட்டி வைத்துப் பத்து அடி நடக்க வேண்டும். கை சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும்.

தம் நிலையை அறிந்துகொள்ள எளிய வழியும் ஒன்று உண்டு. கையை ஊன்றாமல் ஐந்து முறை உட்கார்ந்து எழ எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆசிய மருத்துவ வல்லுநர்கள் 2019இல் வகுத்த அளவின்படி, 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் சதைத் தளர்ச்சி உண்டோ என்று பார்க்க வேண்டும். அப்படி ஆனால் மனம் உடைய வேண்டாம். குறித்து வைத்துக்கொண்டு, மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு மீண்டும் பாருங்கள்.

நம் அன்றாட வாழ்விலும் பயிற்சி இல்லாமல் இல்லை. ஐவேளைத் தொழுகையில் நிற்றல், குனிதல், தரையில் அமர்தல், எழுதல் எல்லாம் இருக்கின்றன. தொழுகையின் நோக்கம் தேகப்பயிற்சியன்று. எனினும் தரையில் அமர்ந்து எழும் பழக்கம் முதுமைவரை நீடிப்பது உடம்புக்கு நல்லது. நாற்காலியில் அமர்ந்து தொழுபவர்களைப் பற்றி நாம் குறை பேசவில்லை. இயலாதவர்க்கு மார்க்கம் அளித்துள்ள சலுகை அது. நாம் சொல்வதெல்லாம், இன்று தரையிலிருந்து எழ முடிகிறவர் தொடை பலத்தைப் பேணி அந்த ஆற்றலைக் காத்துக்கொள்ளட்டும் என்பதே.

கவனிக்க வேண்டியவை

அண்மையில் மாரடைப்போ அறுவை சிகிச்சையோ எலும்பு முறிவோ கண்டவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். நெஞ்சுவலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் கண்டால் உடனே நிறுத்த வேண்டும். ஓய்ந்த பின்னும் நெஞ்சுவலி நீங்காவிட்டால் தாமதியாமல் அவசர உதவியை அழைக்க வேண்டும்.

நீரிழிவுக்காக இன்சுலின் போடுபவர்களுக்கும் சிலவகை மாத்திரை உண்பவர்களுக்கும் பயிற்சியின்போது சர்க்கரை இறங்கிவிடக்கூடும். அவர்கள் வெறும் வயிற்றில் நெடுநேரம் நடக்காமலும், சட்டைப்பையில் மிட்டாய் வைத்துக்கொண்டும் இருப்பது நலம். நடந்து வந்தபின் பாதத்தில் கொப்புளமோ கீறலோ உண்டா என்று பார்க்க வேண்டும். தளர்ந்த செருப்பு விழுவதற்கு வழி; குதிகாலைப் பிடிக்கும் காலணியே ஏற்றது. நம் நாட்டு வெயிலுக்கு அதிகாலையோ மாலையோ தக்க நேரம். மழை பெய்தாலும் புகைமூட்டம் சூழ்ந்தாலும் வீட்டுக்குள் மேற்கூறிய ஐந்தையும் செய்யலாம்.

மூட்டுவலிக்காரர்கள் ‘நடந்தால் முட்டி தேய்ந்துவிடும்’ என்று அஞ்சுகிறார்கள். மூட்டுத் தேய்மானத்திற்கு மருத்துவர் முதலில் கூறும் சிகிச்சைகளில் ஒன்றே தேகப்பயிற்சி. தொடைச் சதை பலப்பட்டால் முட்டியின் சுமை குறைகிறது. சிறிது வலி இருப்பதில் தவறில்லை. மறுநாள் வலி கூடியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். அடியோடு நிறுத்த வேண்டியதில்லை.

உணவையும் மறக்கலாகாது. தேநீரும் ரொட்டியுமாகப் பொழுதைக் கழிக்கும் மூதாட்டிகள் நம்மிடையே பலர். சதைக்குப் புரதச் சத்து வேண்டும். முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் வேண்டும் என்பது வல்லுநர் கருத்து. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 60 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், ஒரு குவளைப் பாலில் 8 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராம் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

பெற்றோரை வேலை செய்யவிடுவது அவமரியாதையாகுமோ என்று தயங்காதீர்கள். அவர்களால் இயன்ற வேலையை அவர்களிடமிருந்து பறிப்பதே அவர்களை மெல்ல மெல்ல வலுவிழக்கச் செய்கிறது. வாப்பா சந்தைக்குப் போக விரும்பினால் தடுக்காமல் கூடச் செல்லுங்கள். கனத்த பையை நீங்களும் கனமற்ற பையை அவரும் தூக்கலாம். உம்மா மீன் ஆய விரும்பினால் கத்தியை வாங்காதீர்கள். துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது முதலிய வேலைகள் அவர்களுக்கு உரியனவாக இருக்கட்டும். தண்ணீர்க் குவளையை அவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுக்குமுன், அவர்களால் எழுந்து வர முடியுமா என்று பாருங்கள். பணிப்பெண்ணுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். அவள் வேலை, பெரியவருக்குப் பதிலாக எல்லாவற்றையும் செய்வதன்று. அவர் செய்யும்போது பக்கத்தில் நிற்பது.

முன்பு நம் அடுக்குமாடிகள் பலவற்றில் மின்தூக்கி சில மாடிகளில் மட்டுமே நின்றது. 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தால் பெரும்பாலான கட்டடங்களில் இப்போது எல்லா மாடிகளிலும் நிற்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது பெரும் வரம். படி ஏற இயன்றவரோ நாளுக்கு ஒருமுறையேனும் ஒரு மாடி ஏறலாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஏறலாம். குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத தரையும் அமைத்துக் கொடுக்கும் ‘ஈஸ்’ திட்டம் 2012 முதல் வீவக வீடுகளுக்கு இருக்கிறது. கைப்பிடி பொருத்துவது முதியவர் தளர்ந்துவிட்டார் என்பதற்கு அடையாளமன்று. அவர் தாமே குளிக்கட்டும் என்பதற்கு நாம் செய்து கொடுக்கும் வசதி.

சங்கங்கள் செய்யத்தக்கது

தனியே பயிற்சி செய்பவர் ஒரு வாரத்தில் விட்டுவிடுவார். நாலு பேரோடு செய்பவர் நீடிப்பார். இது எவரும் அறிந்த உண்மை. அக்கம்பக்கத்தில் உள்ள துடிப்பாக மூப்படையும் நிலையங்களிலும் சமூக மன்றங்களிலும் முதியோருக்கான பயிற்சிகள் நடக்கின்றன. ‘அங்கே நம் பாஷை பேசுபவர் இல்லையே’ என்று நம் மூதாட்டிகள் கூச்சப்பட்டு நின்றுவிடுகிறார்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து போனால் அக்கூச்சம் தீரும். சங்கங்களின் மாதர் பகுதியினர் இதை முன்னின்று நடத்தலாம்.

சுபுஹுத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலிலிருந்து கிளம்பும் நடைக் குழு ஒன்றைத் தொடங்குவது கடினமான காரியமன்று. சங்கக் கூட்டங்களில் பேச்சுக்கு நடுவே ஐந்து நிமிடம் எல்லோரும் எழுந்து நின்று உட்கார்ந்து எழலாம், சிரிப்புக்கும் குறைவிருக்காது. முன்பு தவறாமல் கூட்டத்துக்கு வந்து இப்போது வராமல் நின்றுவிட்ட பெரியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுத்து, வாலிபர்கள் இருவர் இருவராக அவர்கள் வீட்டுக்குச் சென்று கைப்பிடித்துக் கீழ்த்தளம்வரை நடத்தி வந்தால், அதைவிடச் சிறந்த சமூகத் தொண்டு வேறென்ன இருக்க முடியும்?

பெரியவர்களுக்கும் நாம் பணிவோடு ஒன்று கூற விரும்புகிறோம். உங்கள் பிள்ளைகள் உங்களை நேசிக்கிறார்கள். ஆனால் உங்களுக்காக அவர்களால் உங்கள் காலைப் பலப்படுத்த முடியாது. அது உங்கள் ஒருவரால் மட்டுமே ஆகக்கூடியது. இதைப் படித்து முடித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு, கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். நாளையும் அவ்வாறே செய்யுங்கள்.